கிரவுண்டில் என்னதான் படிக்கிறான்?

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். கரூர் பக்கம் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு இறங்கினால் ஆறரைக்குத்தான் வீட்டுக்கு வருவான். பக்கத்துக் காலி மனையில் கிரிக்கெட், சில நாள் கோலி, பம்பரம். பள்ளியில் ஊஞ்சலும் சீசாவும் உண்டு. கணக்கில் 50க்கு 21 வாங்கியிருக்கிறான். டைரியில் வகுப்பாசிரியை 'வெரி ப்ளேஃபுல்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார். இந்தப் பருவத்தில் வாரம் இரண்டு பி.டி. பீரியடில் ஒன்றைக் கணக்குப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். "விளையாடி என்னத்தைக் கண்டான், அந்த நேரத்துல டியூஷன்ல போடு" என்கிறார் மாமியார். "சின்னப் பையன், விடு" என்கிறார் கணவர். எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது. விளையாட்டில் படிப்புக்கு உதவுகிற மாதிரி உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? இல்லை, மனசைத் தேற்றிக்கொள்ள அப்படிச் சொல்கிறோமா? தினமும் யாருடனாவது சண்டை போட்டுக்கொண்டு வருகிறான். அதுவும் கவலையாக இருக்கிறது. (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மனசைத் தேற்றிக்கொள்ளத்தான் சொல்கிறோமா என்று கேட்டீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். இல்லை. மைதானத்தில் பாடம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அது தானாக நடந்து விடைத்தாளுக்கு வந்து சேராது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் உங்கள் கணவர் பக்கம் பேசியதாகிவிடும், இரண்டாவதை மட்டும் சொன்னால் மாமியார் பக்கம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருந்தவன் நான். எனக்குத் தெரிந்ததை உங்கள் மகன் ஆடுகிற ஆட்டங்களை வைத்தே சொல்கிறேன்.

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். எதிரணி 47 எடுத்துவிட்டது. உங்கள் மகனின் அணி 29இல் நிற்கிறது. "இன்னும் எவ்வளவுடா?" என்று யாராவது கத்தினால், "பத்தொம்பது அடிச்சா வின்னு, பதினெட்டுன்னா டை" என்று உடனே பதில் வரும். எப்படிப் போட்டான் என்று கேட்டுப் பாருங்கள். 29க்கு ஒன்று போட்டால் 30, பத்து போட்டால் 40, அப்புறம் ஏழு. ஆக 18, ஜெயிக்க இன்னும் ஒன்று. கழித்தலைக் கூட்டிக் கூட்டியே செய்கிற முறை இது. மளிகைக் கடைக்காரர் மீதிச் சில்லறை எண்ணிக் கொடுப்பதும் இப்படித்தான். குறுக்கு வழி என்று ஒதுக்க வேண்டியதில்லை, கணக்கு முறையாகவே செல்லுபடியாகும் வழி.

இதே 47இல் 29 போனால் எவ்வளவு என்று தாளில் கொடுத்தால் எத்தனையோ பிள்ளைகள் 22 என்று எழுதுவார்கள். ஒன்பதில் ஏழு போனால் இரண்டு, நாலில் இரண்டு போனால் இரண்டு. கடன் வாங்குவதை மறந்து, எது பெரிய இலக்கமோ அதிலிருந்து சின்னதை எடுத்துவிடுகிறார்கள். தொடக்கப்பள்ளி விடைத்தாள்களில் மிகச் சாதாரணமாகப் பார்க்கிற தவறு இது. ஆனால் அதே பையனிடம் ஆட்டத்தின் நடுவில் "இருபத்திரண்டு அடிச்சாத்தான் டை" என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவான். 29உம் 22உம் 51 ஆச்சே என்பான். அப்படியானால் அவனுக்குக் கழிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

ஓவர் கணக்கு இன்னும் நுட்பம். 3.4 ஓவர் என்றால் 22 பந்து. 2.5 ஓவர் என்றால் 17 பந்து. ஒருவன் அவ்வளவும் இன்னொருவன் இவ்வளவும் போட்டிருந்தால் மொத்தம் 39 பந்து, அதாவது 6.3 ஓவர். தாளில் 3.4ஐயும் 2.5ஐயும் கூட்டினால் 5.9 வரும். ஓவர் கணக்கில் 5.9 என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆறு ஆறாகக் கட்டி எண்ணுகிற இந்தக் கணக்கை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராமலே தெருப் பிள்ளைகள் போடுகிறார்கள். பின்னால் தசம எண் பாடம் வரும்போது ஆசிரியர் ஒரு நிமிடம் நின்று, "கிரிக்கெட்டில் வருகிற புள்ளியும் இந்தப் புள்ளியும் ஒன்றா?" என்று கேட்டால் வகுப்பு முழுக்க வாய் திறக்கும். கேட்காமல் போனால் அந்தப் புள்ளியே குழப்பமாகும். 3.5க்கு அடுத்தது 4 என்று எழுதுகிற பிள்ளை மக்குப் பிள்ளை இல்லை, ஓவர் எண்ணுகிற பிள்ளை.

தெருக் கணக்குக்கும் தாள் கணக்குக்கும் நடுவில் இருக்கிற இந்தப் பள்ளத்தை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். பிரேசிலின் ரெசீஃபி நகரத்தில் தேங்காய் போன்ற பொருள்களைத் தெருவில் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1985இல் வெளிவந்தது. வியாபாரத்தின் நடுவே வாயால் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே மாதிரி எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. ஐந்தே பிள்ளைகள்தானே என்று தோன்றலாம். நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, அவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் 2025 தொடக்கத்தில் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதியது கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை பார்க்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. சந்தையில் மனக்கணக்காகச் சரியாகச் சொன்னவர்கள் பள்ளிக்கூட வடிவில் கேட்டபோது தடுமாறினார்கள். பள்ளிக்கணக்கில் தேறிய பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். எனக்கு இந்த இரண்டாவது பாதிதான் அதிகம் உறுத்துகிறது. தாளில் மட்டும் கணக்குத் தெரிந்த பிள்ளையைப் பற்றி யாரும் டைரியில் எழுதி அனுப்புவதில்லை.

அது சந்தை, நாம் பேசுவது மைதானம். ஆனால் சிக்கல் ஒன்றுதான். அதனால் டியூஷனைப் பற்றி முடிவு எடுப்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரே மாதிரிக் கணக்கை மூன்று விதமாகக் கேளுங்கள். முதலில் ஆட்டமாக, வாயால்: "அவங்க 63, நீங்க 38, சமமாக எவ்வளவு வேணும்?" இன்னொரு நாள் ஆட்டம் இல்லாமல், வாயால்: "54இல் 27 போனால்?" பிறகு ஒரு நாள் தாளில். ஒரே நாளில் மூன்றையும் கேட்காதீர்கள், பரீட்சை என்று தெரிந்துபோகும். வாயால் சரியாக வந்து தாளில் மட்டும் தவறினால், அவனுக்குக் கணக்கு தெரியும், எழுத்து முறைதான் பிடிபடவில்லை. ஆட்டமாகக் கேட்டால் மட்டும் வந்து, வெறும் எண்ணாகக் கேட்டால் வரவில்லை என்றால் கொஞ்சம் கூடுதல் உழைப்பு வேண்டும். மூன்றிலுமே திணறினால் அது வேறு விஷயம், கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் கிட்டிப்புள் இன்னும் ஆடுகிறார்களா தெரியவில்லை. ஆடினால் போய்ப் பாருங்கள். அடித்த புள் போய் விழுந்த இடத்துக்கு எத்தனை கிட்டி தூரம் என்பதுதான் கணக்கு. சில ஊர்களில் அடித்தவன் அளக்காமலே "நாற்பது" என்று கேட்பான். எதிரணி ஒத்துக்கொண்டால் நாற்பது. சந்தேகம் வந்தால் அளப்பார்கள், கேட்டதைவிடக் குறைவாக இருந்தால் அவன் அவுட். ஒரு எண்ணைக் கூடுதலாகவும் கேட்கக்கூடாது, குறைவாகக் கேட்டாலும் நஷ்டம். உத்தேச மதிப்பு என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு பாடம் வருகிறதே, அதை இவ்வளவு பதைப்போடு எந்த வகுப்பிலும் நடத்த முடியாது. அடுத்த சண்டை, எந்தக் கிட்டியால் அளப்பது என்று. என் கிட்டி நீளம், உன் கிட்டி குட்டை. கடைசியில் இரண்டு அணிக்கும் பொதுவாக ஒரே கிட்டி என்று முடிவாகும். அளவுகோல் ஏன் ஊருக்கெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு மனிதர்கள் வந்து சேர்ந்த அதே வழியில் பிள்ளைகளும் வந்து சேர்கிறார்கள்.

பாண்டியைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. பெண்பிள்ளைகள் ஆட்டம் என்று ஒதுக்கிவைத்துவிட்டோம், ஆனால் அதற்குள் இருக்கிற வடிவக்கணக்கு கிரிக்கெட்டில் இல்லை. முதலில் கரித்துண்டாலோ குச்சியாலோ கட்டம் போட வேண்டும். கோடு இணையாக வராவிட்டால் ஒரு கட்டம் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் போய்ச் சண்டை வரும். சில்லு கோட்டில் பட்டால் அவுட் என்பதால், எவ்வளவு விசையில் எறிந்தால் எந்தக் கட்டத்தில் நிற்கும் என்று கைக்குத் தெரிய வேண்டும். நொண்டி அடித்துக் குனிந்து சில்லை எடுக்கும்போது உடம்பின் எடை முழுவதும் ஒரு பாதத்தில் நிற்கிறது. அப்புறம் வானத்தைப் பார்த்துக்கொண்டோ கண்ணை மூடிக்கொண்டோ கட்டம் கட்டமாக நடந்து "ரைட்டா?" என்று கேட்கிற கட்டம். கீழே பார்க்காமல் கோட்டை மிதிக்காமல் நடக்க வேண்டுமென்றால் கட்டத்தின் வரைபடம் முழுசும் தலைக்குள் இருக்க வேண்டும். உங்கள் மகனையும் பாண்டி ஆடச் சொல்லுங்கள். அதே மாதிரி, பள்ளி மைதானத்தின் நடுப்பகுதி முழுக்கப் பையன்களின் கிரிக்கெட்டுக்கும், ஓரத்து நிழல் பெண்பிள்ளைகளுக்கும் என்று எத்தனை பள்ளிகளில் பிரிந்துகிடக்கிறது பாருங்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் அந்த ஓரமும் அவர்களுக்கு இல்லாமல் போகிறது. மைதானத்தில் படிப்பு இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

அறிவியலுக்கு ஊஞ்சல் ஒன்று போதும். உங்கள் மகனும் அவனைவிடக் கனமான ஒரு பையனும் ஒரே ஊஞ்சலில் மாறி மாறி உட்காரட்டும். நீங்கள் கைபேசியில் நேரம் பாருங்கள். பெரிதாக வீசி ஆட்டாமல் லேசாக ஆட்டினால், பத்து முறை போய்வர இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் ஆகும். தொங்குகிற நீளம் 2 மீட்டர் என்றால் சுமார் 28 வினாடி. எடை கூடினால் வேகமாக ஆடும் என்று பந்தயம் கட்டுகிற பிள்ளைகள் அசந்துபோவார்கள். நீளம் 1 மீட்டர் உள்ள சின்ன ஊஞ்சலில் பத்து முறைக்கு சுமார் 20 வினாடி. நீளம் பாதியானால் நேரம் பாதியாகவில்லை. ஏன் என்று இப்போது சொல்லத் தேவையில்லை. பெரிய வகுப்பில் தனி ஊசல் என்று ஒரு படத்தைப் போட்டு சூத்திரம் எழுதும்போது, அந்தப் பிள்ளைக்கு இந்த ஊஞ்சல் ஞாபகம் இருந்தால் சூத்திரத்தில் எடைக்கு இடமே இல்லை என்பது உறைக்கும்.

சீசாவில் நெம்புகோல் தத்துவம் முழுதாக இருக்கிறது. 20 கிலோ பிள்ளை நடுவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், 30 கிலோ பிள்ளை ஒரு மீட்டரில் உட்கார்ந்தால்தான் பலகை சமமாக நிற்கும். பிள்ளைகளுக்குக் கிலோவும் தெரியாது, மீட்டரும் தெரியாது. "நீ கொஞ்சம் முன்னாடி வா" என்று மட்டும் தெரியும். அது போதும், பெருக்கல் பிற்பாடு வரட்டும். கோலியில் நேராக அடிபட்ட கோலி பறக்கும்போது அடித்த கோலி கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிடுகிறது, ஓரத்தில் அடித்தால் இரண்டும் இரண்டு பக்கம் போகின்றன. பம்பரம் வேகமாகச் சுற்றும்போது அசையாமல் 'தூங்குகிறது', வேகம் குறைந்த பிறகுதான் தலையை ஆட்டத் தொடங்குகிறது. நிழலை மிதித்துப் பிடிக்கிற ஆட்டம் காலையிலும் சாயங்காலமும்தான் ருசிக்கும், உச்சியில் மிதிக்க நிழல் எங்கே இருக்கிறது? கரூர்ப் பக்கம் ஏப்ரல் 18, 19 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும், மதியம் 12.15ஐ ஒட்டி, நேராக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. அந்த நாளில் பிள்ளைகளை ஐந்து நிமிடம் வெளியே விட்டால் சூரியனின் பாதையைப் பற்றி அவர்களாகவே கேட்கத் தொடங்குவார்கள்.

இனி நீங்கள் கவலைப்பட்ட சண்டை. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் பியாஜே, ஜெனீவா, நூஷாடெல் நகரங்களில் பிள்ளைகள் கோலி ஆடுவதை உட்கார்ந்து பார்த்து, ஆட்டத்தின் விதிகளைப் பற்றி அவர்களிடமே கேட்டு, 1932இல் எழுதினார். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் வைத்தது, மாற்றக்கூடாதது. பத்து வயதைத் தாண்டும்போது அது மாறுகிறது. எல்லாரும் ஒத்துக்கொண்டால் விதியை மாற்றலாம், மாற்றியபின் எல்லாரும் மதிக்க வேண்டும் என்பது புரிகிறது. உங்கள் மகன் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறான். அந்த வயதில் சண்டை வராவிட்டால்தான் ஆச்சரியம். அவன் என்ன சண்டை போட்டான் என்று ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். "ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டுன்னு முதல்லயே பேசலை, நடுவுல சொல்றான்" என்பதாக இருக்கும். விதியை முன்கூட்டியே சொல்ல வேண்டும், நடந்து முடிந்ததற்குப் பின்னால் புதுச் சட்டம் போடக்கூடாது என்கிறான். பெரியவர்களின் சட்டமன்றமும் நீதிமன்றமும் மல்லாடுகிற விஷயம் இது. சமூக அறிவியல் புத்தகத்தில் குடிமையியல் என்ற தலைப்பில் இதை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

அணி பிரிப்பதைப் பாருங்கள். ஒரே திறமை உள்ள இரண்டு பேர் தோளில் கை போட்டுத் தள்ளிப் போய் ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "சூரியன் வேணுமா, நிலா வேணுமா?" என்று கேட்பார்கள். எந்தத் தலைவன் எதைக் கேட்டாலும் இரண்டு பக்கமும் சமமான ஆள் போகிறான். யாரையும் கடைசி ஆளாக நிற்கவைத்து அவமானப்படுத்தாமல் நியாயமாகப் பங்கிடுகிற வழி இது. எந்த வாத்தியாரும் சொல்லித் தந்ததில்லை. ஓட முடியாத குட்டித் தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவனை அவுட் ஆக்க மாட்டார்கள், ஆனால் ஆட்டத்தில் இருப்பான். அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனை இரண்டு நாள் சேர்க்க மாட்டார்கள், மூன்றாம் நாள் சேர்த்துக்கொள்வார்கள். தண்டனைக்கு ஒரு அளவு இருக்கிறது, மன்னிப்புக்கு வழி இருக்கிறது. நடுவில் பெரியவர் ஒருவர் விசிலோடு நின்றால் இவ்வளவும் நடக்காது. பி.டி. பீரியட் வேண்டும், ஆனால் அதில் வரிசையில் நிற்கவைத்து உடற்பயிற்சி செய்வதும், பிள்ளைகள் தாங்களாகவே விதி போட்டு ஆடுவதும் ஒன்றாகாது. நான் சொல்லிக்கொண்டிருப்பதில் முக்கால்வாசி இரண்டாவது வகையிலிருந்துதான் வருகிறது.

ஆகவே வாய்ச்சண்டையில் நீங்கள் போய் நிற்க வேண்டாம். அடிதடி, கல் எறிவது, ஒரே பிள்ளையைத் தினமும் எல்லாரும் சேர்ந்து சீண்டுவது, சாதியைச் சொல்லியோ உடம்பைச் சொல்லியோ கேலி செய்வது இவற்றில் எது நடந்தாலும் உடனே தலையிடுங்கள். உங்கள் மகன் அடிபடுகிறவன் பக்கம் இருந்தாலும் சரி, அடிக்கிறவன் பக்கம் இருந்தாலும் சரி.

மொழியைப் பற்றிச் சுருக்கமாக. "கோட்டுக்கு உள்ள தொட்டா அவுட், ஆனா கை தரையில பட்டிருந்தா செல்லாது" என்று ஒரு பிள்ளை வாதாடும்போது நிபந்தனை, விதிவிலக்கு, காரணம் மூன்றையும் ஒரே மூச்சில் கட்டுகிறது. கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று வரிக்கு மேல் போகாத பிள்ளை ஐந்து நிமிடம் தடையில்லாமல் வாதாடும். திருப்பூர்ப் பக்கம் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து சேர்கிற பிள்ளைகளின் வாயில் முதலில் வருகிற தமிழ் "எனக்குக் குடு", "நான்தான் ஃபர்ஸ்ட்", "அவுட் இல்லை" என்ற மைதானத் தமிழ்தான். பாடப்புத்தகத் தமிழ் அதன் மேல்தான் ஏறுகிறது.

சரி, பள்ளி எடுத்துக்கொண்ட அந்த பி.டி. பீரியடுக்கு வருவோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், விளையாட்டு இடைவேளையைத் தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ பிடுங்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஃபின்லாந்துப் பள்ளிகளில் 45 நிமிடப் பாடத்துக்கு அப்புறம் 15 நிமிடம் வெளியே விடுவது வழக்கம். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்குகிற அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பு அசைந்த பிறகு கவனம் கூடுகிறது என்பதைப் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். 2009இல் வெளிவந்த ஒன்றில் 20 நிமிட நடைக்குப் பின்னால் பிள்ளைகளின் கவனமும் வாசித்துப் புரிந்துகொள்வதும் மேம்பட்டிருந்தன. கணக்குக்காக விளையாட்டைக் குறைக்கிற பள்ளி, கணக்கு வகுப்பில் தனக்குக் கிடைக்கவேண்டிய கவனத்தையே குறைத்துக்கொள்கிறது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளி என்றால் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்ப விளையாட்டுப் பொருள்கள் தர வேண்டும் என்று இருக்கிறது. தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். வாரம் இத்தனை பீரியட் என்று அட்டவணை சொல்லவில்லை. அதனால் சட்டப் புத்தகத்தோடு போகாதீர்கள். இன்னும் நாலைந்து பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு போய், "கணக்குப் பயிற்சிக்கு வேறு வழி பார்ப்போம், அந்தப் பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். தனியாகப் போனால் 'அந்த அம்மா' என்று பெயர் வரும், கூட்டமாகப் போனால் கோரிக்கை என்று பெயர் வரும். வகுப்பாசிரியையைத் தனியாகப் பாருங்கள். 'ப்ளேஃபுல்' என்று எழுதினாரே, எந்த நேரத்தில், எந்தப் பாடத்தில், என்ன செய்கிறான் என்று கேளுங்கள். மதியத்துக்குப் பிந்தைய பீரியடில் மட்டும் நெளிகிறான் என்றால் ஒரு பதில். கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்க்கிறான் என்றால் முற்றிலும் வேறு பதில்.

வீட்டில் என்ன செய்யலாம்? ஐந்திலிருந்து ஆறரை வரை அவனுடைய நேரம். அதைத் தொடாதீர்கள். ஆட்டத்தின் நடுவே போய் "இதில் என்ன கோணம் சொல்லு" என்று கேட்கவும் வேண்டாம். விளையாட்டைப் பாடமாக்கினால் விளையாட்டும் கெடும், பாடமும் வராது. சில 'விளையாட்டு வழிக் கல்வி' வகுப்புகளில் எனக்கு இருக்கிற வருத்தமே இதுதான். பிள்ளை ஆடுவதில்லை, ஆடுவது மாதிரி ஆசிரியருக்காக நடிக்கிறது. பாலம் மறுபக்கத்திலிருந்து போட வேண்டும். பாடம் படிக்க உட்காரும்போது ஆட்டத்தைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து அவனை அணியின் ஸ்கோரர் ஆக்குவது. யார் எத்தனை ரன், எத்தனை பந்து, யார் எப்படி அவுட். ஐந்துக்கு ஒரு குறுக்குக்கோடு போட்டு எண்ணுவது எப்படி என்று ஒருமுறை காட்டிவிடுங்கள். நேர்க்கோட்டுக் குறி என்று புத்தகத்தில் வருவது அதுதான். எழுதாவிட்டால் நாளைக்குச் சண்டை வரும் என்பதால் எழுதுவான், தப்பாகக் கூட்டினால் மற்றவர்கள் விடமாட்டார்கள் என்பதால் சரியாகக் கூட்டுவான். வாயில் இருக்கிற கணக்கு இப்படித் தாளுக்கு வரத் தொடங்கும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த நோட்டிலிருந்தே ஒரு கணக்கு, ஒன்றே ஒன்று. 47, 29 என்று அவனே எழுதியிருப்பான். முதலில் அவன் வழியில் 18 வரட்டும். பிறகு பள்ளிக்கூட வழியில், 47ஐ மூன்று பத்தும் பதினேழு ஒன்றுமாகப் பிரித்து, அதே 18 வருகிறதா என்று பார்க்கட்டும். இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வருவதைப் பார்க்கிற பிள்ளைக்குக் கடன் வாங்குவது மந்திரமாகத் தெரியாது.

ஆனால் மைதானம் எல்லாவற்றையும் தராது. பெருக்கல் வாய்ப்பாடு ஆடி ஆடி வராது, சொல்லிச் சொல்லித்தான் வரும். வாசிப்பும் அப்படியே. தினமும் ஆறரைக்குக் கை கால் கழுவி, ஏதாவது சாப்பிட்டு, முக்கால் மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து படிக்கிற பழக்கம் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இருக்க வேண்டும். உங்கள் மாமியார் சொல்வதில் இந்தப் பாதி நியாயமானது, அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிந்தால் அவரையே பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு கேட்கச் சொல்லுங்கள். அவர் ஆடிய பல்லாங்குழியையும் அஞ்சாங்கல்லையும் பற்றிப் பேரனுக்குச் சொல்லச் சொன்னால் அவரே இந்தக் கடிதத்தில் பாதியைச் சொல்லிவிடுவார். டியூஷன் இப்போது வேண்டாம். சோதனையில் வெறும் எண்ணாகக் கேட்டால் தடுமாறுகிறான் என்று தெரிந்தால், ஆறரைக்கு மேல், வாரம் இரண்டு நாள், ஒரு பொறுமையான ஆளிடம் போதும்.

மூன்று விதமாகக் கேட்டும் திணறினால் என்று சொன்னேன் அல்லவா, அப்போது காத்திருக்காதீர்கள். முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். பலகை தெரியாத பிள்ளையைக் கவனமில்லாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருப்பது நம் வகுப்புகளில் சாதாரணம். (வெளிவெளிச்சத்தில் ஆடுவது கிட்டப்பார்வை வருவதைக் குறைக்கிறது என்பதால்தான் தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளைக்கு 120 நிமிடம் வெளியே விடச் சொல்கிறார்கள். இதையும் மாமியாரிடம் சொல்லலாம்.) காதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டும் சரியாக இருந்து, எண்ணுவதிலேயே குழப்பம், எழுத்தைத் திருப்பி எழுதுவது, ஆட்டத்தில்கூட ஸ்கோர் பிடிபடாமல் இருப்பது என்று தெரிந்தால், சிறப்பாசிரியர் ஒருவரிடம் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று மதிப்பிடச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. தினமும் ஸ்கோர் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வருகிறவன் அவன்.

சோதனையை முடித்துவிட்டு எந்த இடத்தில் தடுக்கிறது என்று எழுதுங்கள். விடைத்தாளின் ஒரு பக்கத்தையும், ஸ்கோர் நோட்டின் ஒரு பக்கத்தையும் நகல் எடுத்து அனுப்பினால், எந்தப் படியிலிருந்து சொல்லிக் கொடுப்பது என்று கணக்குக் கணக்காகப் பார்த்துச் சொல்கிறேன்.